மூன்றாவது பேட்டி

அன்புச்செல்வி பேட்டி எடுக்க உட்கார்ந்தால் இரண்டு கேசட் ஓடி முடியாமல் எழுந்திருக்க மாட்டாள். தொண்ணூறு நிமிடக் கேசட். ஒரு பக்கம் முடிந்து பட்டன் டக்கென்று மேலே வந்ததும், எதிரில் இருப்பவர் துண்டை உதறிக்கொண்டு, "அவ்வளவுதானுங்களே அம்மணி?" என்று எழப் பார்ப்பார்.

"சித்தெ உக்காருங்ணா. இப்பத்தான் நீங்க பேசவே ஆரம்பிச்சிருக்கறீங்க" என்று சொல்லிக் கேசட்டைத் திருப்பிப் போடுவாள். அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பு இருக்காது. உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

அவளுக்கு வேலை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில். காலை எட்டு மணிக்குப் போய் உட்கார்ந்தால் மாலை ஆறு வரை மீட்டரைப் பார்த்துச் சீட்டுக் கிழித்துக் கொடுக்க வேண்டும். பூத்தின் கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தாது. உள்ளே பேசுவது பாதி வெளியே கேட்கும். பட்டுக்கடைச் சந்தில் ஒரு மாடியில் ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் ஒத்திகை பார்ப்பார்கள். நோன்பி என்கிற கோயில் திருவிழா நடத்தும் கமிட்டிகளுக்குப் போன் பேச அந்தப் பூத்துக்குத்தான் வருவார்கள். முந்தின நாள் மேடையில் கோட்டுப் போட்டு நின்று ஊரையே எழுப்பிய பாடகர், மறுநாள் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றுகொண்டு, "இல்லீங்க, அந்தத் தேதிய வேற செட்டுக்குக் குடுத்துப்போடாதீங்க, கும்பிட்டுக் கேக்கறேன்" என்று கெஞ்சுவதை அவள் கேட்டாள். மேடையில் கேட்ட குரலும் கூண்டில் கேட்ட குரலும் ஒரே ஆளுடையவை என்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்த ஆளிடம் உட்கார்ந்து பேச வேண்டும் என்ற எண்ணம் அப்படித்தான் வந்தது.

அவள் படித்தது பிளஸ் டூ வரைக்கும். அப்பா மதுக்கரைப் பக்கம் தோட்டங்களில் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். அண்ணன் ஆல்வின் பீளமேட்டில் லேத் பட்டறையில் இருந்தான். டேப் ரெக்கார்டர் அவனுடையது. கேசட்டுகளில் எண் எழுதி ஒட்டியதும், அவள் கிறுக்கி வைத்ததைக் கோடு போட்ட தாளில் திருத்தமாகப் படியெடுத்ததும் அவன்தான். கேள்விகள் மட்டும் அவளுடையவை.

அவளுடைய கேள்விகளில் பேர்போனது ஒன்று உண்டு. முதன்முதலில் அதில் மாட்டியவர் ட்ரம்ஸ் வாசிக்கும் பாலுசாமி. யாரைப் பார்த்து இந்த ஆசை வந்தது என்று கேட்டாள். அவர் சினிமா இசையமைப்பாளர் ஒருவரின் பெயரைச் சொன்னார். எல்லாரும் சொல்கிற பெயர்தான்.

"சரிங்ணா. அதுக்கு முன்னாடிங்க?"

மெட்ராஸ் ட்ரம்ஸ்காரர் ஒருவரின் பெயர் வந்தது.

"அதுக்கு முன்னாடிங்க?"

"அதுக்கு முன்னாடி நான் பொறக்கவேயில்லீங்க அம்மணி!"

அவள் கேசட்டை ஓட விட்டாள். பாலுசாமி கொஞ்ச நேரம் விரலால் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் வேறு குரலில் சொன்னார்: "சோளக்கதிரு அடிக்கறப்ப ரெண்டு பேரு எதிரெதிரா நின்னு மாத்தி மாத்தித் தடியப் போடுவாங்க. எங்கம்மா அடி எப்பவும் இம்மியளவு தாமசமாத்தான் உழுவும். கூட அடிக்கறவங்க வைவாங்க. அந்தத் தாமசந்தானுங்க என்ர வாசிப்பு. இத நான் ஆருகிட்டயும் சொன்னதில்ல."

அன்றிலிருந்து மேடைக்காரர்கள் மத்தியில் அவளுக்கு 'அதுக்கு முன்னாடி அன்பு' என்றே பேராகிவிட்டது. கேலியாகச் சொன்னவர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து வந்து உட்கார்ந்தார்கள்.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு இருந்தது. எழுதி முடித்ததும் பேசியவர் வீட்டுக்கே போய் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துக் காட்டுவாள். ஒவ்வொரு தாளின் அடியிலும் கையெழுத்து வாங்குவாள். "வெட்டோணும்னா நீங்க வெட்டுங்க. இனிமேல் ஒரு வரியக்கூட நானும் வெட்ட மாட்டேன், வேற ஆரையும் வெட்ட உடமாட்டேன்" என்பாள். பலர் இதைச் சடங்கு என்று நினைத்தார்கள். அவள் அப்படி நினைக்கவில்லை.

1994இல் மேடை இசைக் கலைஞர்கள் சங்கத்துக்குப் பத்தாவது ஆண்டு. விழா மலர் போடத் தீர்மானித்தார்கள். சங்கச் செயலாளர் ஈஸ்வரமூர்த்தி, பகலில் பட்டுக்கடையில் சேல்ஸ்மேன். மேடையில் மூன்று பெரிய பாடகர்களின் குரலில் பாடக்கூடியவர். அவரே பூத்துக்கு வந்து கேட்டார்.

"உங்க பேட்டிகளையெல்லாம் மலர்ல போட்டுக்கலாமுங்களா அம்மணி? வாழ்த்துச் செய்தியும் வெளம்பரமுமே இருந்தா ஆரு படிப்பாங்க?"

"போடலாமுங்ணா. ஆனா வரிசை நான் சொல்றதுதான். ஆரு எந்த வருசம் மொதல்ல மேடையேறுனாங்களோ அந்த வருசப்படி. பெரியவங்க சின்னவங்க பாக்கக் கூடாது."

"நல்ல முறைதானுங்களே. மேடையேறுன அத்தன பேரையும் போடுங்க. ஒருத்தரும் உட்டுப்போகக் கூடாது" என்று தாராளமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் நோட்டில் பத்துப் பேர் இருந்தார்கள், ஈஸ்வரமூர்த்தியையும் சேர்த்து. அத்தனை பேரையும் என்ற சொல்லை அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள். பதினொன்றாவது ஆளைத் தேடி மதுக்கரைக்குப் பஸ் ஏறினாள்.

வரலட்சுமி ரெக்கார்டு டான்ஸ் ஆடுகிறவள். நோன்பிகளில் ஆர்கெஸ்ட்ரா முடிந்ததும் அதே மேடையில், அதே விளக்கில், கேசட் பாட்டுக்கு ஆடுவாள். பதினெட்டு வருடங்களாக ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் இறங்கும் படியில் அவள் ஏறிக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியது கிடையாது.

அங்கேதான் அன்புச்செல்வி தவறு செய்தாள். மேடைத் தொழிலில் ஒருவரைத் தெரிந்துகொள்ள எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, நீங்கள் யாருடைய வாய்ஸ், அதாவது எந்தப் பாடகரின் குரலில் பாடுகிறவர், என்பதுதான். அந்தப் பழக்கத்தில், "நீங்க எந்த நடிகை மாதிரிக்கா ஆடுவீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

வரலட்சுமி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"இதக் கேக்கத்தான் பஸ்ஸுக்குக் காசு குடுத்து வந்தியா கண்ணு? கமிட்டிக்காரனும் இதத்தான் கேக்கறான். வேன் டிரைவரும் இதத்தான் கேக்கறான். என்னை மாதிரி ஆடுவேன்னு சொன்னா மேடை ஏத்த மாட்டாங்க. அதனால ஆளுக்கொரு நடிகை பேரு சொல்லி வெச்சிருக்கறேன். உனக்கு எந்தப் பேரு வேணும்?"

"தப்பாக் கேட்டுப்போட்டனுங்கக்கா."

"கேட்டாச்சு. பஸ்ஸு நாலரைக்கு."

அன்புச்செல்வி நாலரை பஸ்ஸில் திரும்பினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே வாசலில் நின்றாள். இந்த முறை, நோன்பி மேடையில் அவள் ஆடிப் பார்த்ததை வைத்து வேறு மாதிரி கேட்டாள்: "கையை இப்படிச் சட்டுனு நீட்டி நிறுத்தறீங்களேக்கா. அது ஆருகிட்ட வந்துச்சு?"

வரலட்சுமி முறத்தைக் கீழே வைத்தாள்.

சின்ன வயதில் காந்திபுரத்தில் அத்தையோடு வெள்ளரிக்காய்க் கூடை வைத்து உட்கார்ந்திருந்தாளாம். எதிரே நாற்சந்தியில் ஒரு டிராபிக் போலீஸ்காரர். "அந்த மனுசன் கையை நீட்டுனா லாரி நிக்கும் கண்ணு. சும்மா தூக்க மாட்டாரு. மொதல்ல தோள்பட்டை திரும்பும், அப்பறம் கை வரும், கடைசில வெரலு. நாள் பூராப் பாத்துக்கிட்டே இருப்பேன். மேடையில நான் கையை நீட்டறப்ப விசிலடிக்கறவன் ஒரு நிமிசம் வாயை மூடறானே, அது அவரு குடுத்தது."

"அதுக்கு முன்னாடிங்கக்கா?"

"அதுக்கு முன்னாடி காலு. செங்கச் சூளையில அப்பன் கூட மண்ணு மிதிச்சிருக்கறேன். ஒரே எடத்துல மிதிச்சா மண்ணு சேராது. குதிகாலு, பக்கவாட்டு, நுனின்னு மாத்தி மாத்தி வெக்கோணும், ஒரு வட்டமாப் போய் வரோணும். அதுக்குப் பாட்டே வேண்டாம். எனக்கு இன்னிக்கும் பாட்டு ரெண்டாவதுதான்."

மூன்று கேசட் ஓடியது. போலீஸ் அனுமதி மறுத்த ஊர்கள், மேடைமேல் சில்லறை வீசிய கூட்டம், வீசியவனைப் பேர் கேட்டு மைக்கில் சொல்லி நாணவைத்த ஒரு சாயங்காலம், எல்லாம் வந்தது. சில ஊர்களில் பாடகர்களுக்கு மண்டபத்தில் பந்தி போட்டுவிட்டு, ஆடுகிறவர்களுக்கு வேனுக்குப் பின்னால் பொட்டலம் கொடுப்பதையும் சொன்னாள். ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொன்னாள், குறித்துக்கொள் என்றாள்.

எழுதி எடுத்துப் போய் வாசித்துக் காட்டியபோது ஒரு வரியையும் அவள் வெட்டவில்லை. கையெழுத்துப் போடும் முன் பேனாவை நிறுத்தினாள்.

"அவுங்களுதெல்லாம் வர்ற அதே புஸ்தகத்துல வருமா?"

"அதே புஸ்தகத்துலதானுங்கக்கா. வருசப்படி நீங்க மூணாவது."

"தனியா ஒரு நோட்டீசு மாதிரி போட்டுக் குடுப்பாங்கன்னா எனக்கு வேண்டாம். பொட்டலத்த ஏன் எழுத்துலயும் வாங்கோணும்?"

"அதே புஸ்தகத்துல வரலீன்னா புஸ்தகமே வராதுங்கக்கா" என்று அன்புச்செல்வி சொன்னாள். சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரிந்தது. வரலட்சுமி கையெழுத்துப் போட்டாள்.

மலர் அச்சானது கோட்டைமேட்டில், அப்துல் வஹீது அச்சகத்தில். எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து, எட்டெட்டுப் பக்கமாக இரும்புச் சட்டத்தில் இறுக்கி அடிக்கிற பழைய முறை. ஒரு சட்டத்துக்கு ஒரு ஃபாரம். ஒவ்வொரு ஃபாரத்துக்கும் புரூஃப் எடுத்து, விஷயம் கொடுத்தவர் 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே வஹீது மிஷினை மிதிப்பார். முன்பு ஒருமுறை கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரும் அவன் தம்பி பெயரும் இடம் மாறி, தம்பிக்குக் கல்யாணம் என்று ஐந்நூறு பத்திரிகை ஊருக்குள் போய்விட்டது. அதிலிருந்து வந்த சட்டம். முதல் ஃபாரத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்தான் கடைசி ஃபாரம் வரை போட வேண்டும் என்பது அதன் இரண்டாவது பிரிவு. இந்த மலருக்கு முதல் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டவள் அன்புச்செல்வி.

நாலாவது ஃபாரம் புரூஃப் எடுத்த அன்று ஈஸ்வரமூர்த்தி அச்சகத்துக்கு வந்தார். இருபத்தெட்டாம் பக்கத்தில் வரலட்சுமியின் பேட்டி முடிந்தது. இருபத்தொன்பதில் அவருடையது தொடங்கியது. ஈரம் காயாத தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதென்ன கெரகமுங்க அம்மணி? எனக்கு முந்துன பக்கத்துல இவ நிக்கறா?"

"நிக்கலீங்ணா. ஆடறாங்க" என்றாள் அன்புச்செல்வி. போட்டோவில் வரலட்சுமி ஆடிக்கொண்டுதான் இருந்தாள்.

"இது இசைக் கலைஞர் சங்கமுங்க. இவ வேற லைனு."

"மேடையேறுன அத்தன பேரையும் போடச் சொன்னது நீங்கதானுங்ணா."

"சொன்னேன். அதுக்காவ மேடையக் கூட்டறவனையும் போடுவீங்களா?"

"அவரு பேச ஒத்துக்கிட்டாப் போடுவனுங்க."

வஹீது சிரிப்பை அடக்க முடியாமல் மை டப்பாவைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

ஈஸ்வரமூர்த்தி குரலை இறக்கினார். அவர் கெட்டவர் இல்லை. பத்து வருடம் அலைந்து திரிந்து அந்தச் சங்கத்தை நிறுத்தியவர். ரெக்கார்டு டான்ஸ் என்றாலே போலீஸ் முகம் சுளிக்கிற காலத்தில், மலரை வெளியிட வருகிற பெரிய மனிதர் என்ன நினைப்பாரோ என்ற பயம் அவருக்கு நிஜமாகவே இருந்தது.

"இந்தப் பொம்பளைக்குத் தனியா எட்டுப் பக்கத்துல ஒரு சின்ன புஸ்தகம் போட்டுத் தந்தர்றேன். நல்ல அட்டை போட்டு. ஆச்சுங்களா?"

"ஆவாதுங்ணா. தனியா வேண்டாம்னு அவங்களே சொல்லிப்போட்டாங்க."

"அப்ப கடைசில போடுங்க. வெளம்பரத்துக்கு முன்னாடி."

"எழுபத்தாறுல ஏறுனவங்களக் கடைசில போட்டா, தொண்ணூத்தொண்ணுல ஏறுன பொடியனுக்குப் பின்னாடி வருவாங்க. நீங்க எழுபத்தொம்பது. வருசத்த நான் மாத்த முடியுமுங்களா?"

"அம்மணி, செயலாளர் நானு. வஹீது பாய், இந்த நாலு பக்கத்தயும் பிரிச்சுப் போடுங்க."

வஹீது நிமிர்ந்தார். "பிரிக்கறது பெரிசில்லீங்க. தங்கச்சி கையெழுத்து இல்லாம மிஷின் ஓடாது. மாப்பிள்ளை கதை உங்களுக்குத் தெரியுமுங்களே."

"நான் கையெழுத்துப் போட மாட்டனுங்ணா" என்றாள் அன்புச்செல்வி. இரண்டு கையையும் மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டாள். "அவங்க ஒருத்தரை எடுத்தா, பதினோரு பேரையும் நான் திருப்பி எடுத்துக்குவேன். ஒவ்வொருத்தர் ஊட்டுக்கும் போயி, உங்க பேச்சு ஏன் வரலீன்னு நானே சொல்லுவேன். வாழ்த்துச் செய்திய வெச்சு மலர் போட்டுக்குங்க."

ஈஸ்வரமூர்த்திக்கு முகம் சிவந்துவிட்டது. தாளை மேசைமேல் போட்டார்.

"அப்பச் சரி. என்ரத எடுத்துப்போடுங்க! அவளுக்குப் பின்னாடி வர எனக்கு இஷ்டமில்ல."

அன்புச்செல்வி பையைத் திறந்தாள். ஆல்வின் கையெழுத்தில் இருந்த அவருடைய பன்னிரண்டு தாள்களை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பேனாவின் மூடியைக் கழற்றி மேலே வைத்தாள்.

"அது உங்க உரிமைங்ணா. உங்க பேச்சு உங்களுது. எடுத்துக்கறேன்னு கடைசித் தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. வேற ஆரு சொன்னாலும் எடுக்க மாட்டேன், நீங்க சொன்னா எடுத்துப்போடுவேன்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. கெஞ்சுவாள் என்று நினைத்திருந்தார். பேனாவைக் கையில் எடுத்தார். கடைசித் தாளைத் தேடும்போது ஐந்தாம் தாளில் கண் நின்றது.

அது அவருடைய 'அதுக்கு முன்னாடி'. சினிமாப் பாடகர்களின் பெயர்களெல்லாம் தீர்ந்த பிறகு அவர் சொன்னது. பத்து வயதில் பொள்ளாச்சி ரயிலில் ஒரு பார்வையில்லாத அம்மாள் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு பாடி வருவாள். ஸ்டேஷனில் பாட்டு எந்த வரியில் நின்றதோ, அடுத்த பெட்டியில் அதே வரியிலிருந்து எடுப்பாள். மூச்சு வாங்கும் இடத்தை யாரும் கண்டுபிடிக்க முடியாது. அவர் டிக்கெட் இல்லாமல் பெட்டி பெட்டியாக அவள் பின்னால் போயிருக்கிறார். 'மூன்று பேர் குரலில் பாடுகிறேன் என்கிறார்கள். மூச்சு மட்டும் அந்தம்மாவுடையது' என்று தாளில் இருந்தது. பிச்சைக்காரியிடம் கற்றான் என்று சொல்வார்களே என்று பதினைந்து வருடம் வாய் திறக்காத விஷயம். அதை வாசித்துக் காட்டிய அன்று அவர் மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த ரயிலம்மா பேருகூட உங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னீங்க" என்றாள் அன்புச்செல்வி. "இந்தத் தாளு போச்சுன்னா அவங்க வேற எங்கயும் இல்லீங்ணா. நல்லா யோசிச்சுப் போடுங்க."

ஈஸ்வரமூர்த்தி அந்தத் தாளை முழுக்கப் படித்தார். பிறகு, யாரும் கேட்காமலே, புரூஃபை இழுத்து வரலட்சுமியின் பக்கங்களையும் படித்தார். போலீஸ்காரர் கையை நீட்டி லாரியை நிறுத்துகிற இடத்தில் அவர் தோள்பட்டை தானாக அசைந்தது. அதை வஹீது பார்த்தார், பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார்.

பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"ஏனுங்க பாய்" என்றார் கடைசியில், எரிச்சலோடு. "என்ர போட்டோ மட்டும் இப்பிடிக் கருப்பா உழுந்திருக்குது. அந்தம்மாளுது பளிச்சுனு இருக்குது. இது என்னங்க ஞாயம்?"

"மை கொஞ்சம் கூடிப்போச்சுங்க. கொறச்சுடலாம்."

"கொறைங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

அன்புச்செல்வி புரூஃபின் மூலையில் 'அச்சிடலாம்' என்று எழுதி, தேதி போட்டு, முழுப் பெயரையும் எழுதினாள். மிஷின் ஓடியது. மை குறைத்து அடித்த முதல் தாளை மடித்து எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மதுக்கரைக்குப் போனாள்.

வரலட்சுமி தாளை மடியில் விரித்து எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். தன் பேரையும், அதன் கீழே இருந்த 1976 என்ற எண்ணையும் விரல் வைத்துப் படித்தாள். அடுத்த பக்கத்தில் யார் என்று பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"இவரு எனக்குப் பின்னாடியா? பேசாம இருந்தாரா?"

"இல்லீங்கக்கா. சண்டை போட்டாரு."

"போடட்டும். விழாவுக்கு என்னையக் கூப்பிட்டிருக்காங்களா?"

பொய் சொல்ல அன்புச்செல்விக்கு வரவில்லை. "அழைப்பிதழ்ல இன்னும் உங்க பேரு இல்லீங்கக்கா. நானும் கேட்டுப் பாத்தேன்."

"அப்படியா?" வரலட்சுமி தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். "அப்பக் கட்டாயம் வாரேன். எத்தன மணிக்குன்னு மட்டும் சொல்லு."

"பத்து மணிக்குங்கக்கா."

"ஒம்பதரைக்கே வந்து மொத வரிசையில உக்காந்துக்கறேன். எழுப்பறவன் வந்து எழுப்பட்டும், பாக்கலாம்."